தகரப் பெட்டியில் போன பதினொரு பட்டுச்சேலைகள்

நீ இந்தக் கடிதத்தைத் தனியாகப் படித்து மடித்து வைத்துவிட முடியாது. அப்படி முடியக் கூடாது என்பதற்காகவே இதைத் தபாலில் அனுப்பாமல், நம் ஆட்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அது பழவங்காடியிலும் சாலைத் தெருவிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கெல்லாம் போய்விடும். நீ படிக்கிற அதே நேரத்தில், உன் அப்பாவோடு வியாபாரம் செய்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கல்லாவில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பத்திரிகை நடத்தும் பெரியவர் இதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குடும்ப விஷயமாட்டுல்லா இருக்கும்மா. பேரை எடுத்துட்டுக் கதை மாதிரி போட்டிரட்டா?" என்று கேட்டார். "பேருக்காகத்தான் எழுதியிருக்கேன். வேணும்னா மத்ததை எடுத்துருங்க" என்றேன். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. உன் பெயரையும் என் பெயரையும் நான் இதில் எழுதவில்லை. அவை கடைத்தெருவுக்குத் தெரியும். எழுத வேண்டிய பெயர் வேறொருத்தியுடையது.

மூன்று வாரங்களுக்கு முன் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் உன் அலுவலகத்தார் உனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தாய். நான் பெருமையோடுதான் வந்தேன், அதை மறைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் மிகப் பெரிய கடைக் கம்பெனி ஒன்று, தொழிற்சாலையில் பெட்டி கட்டுவதிலிருந்து கடைத் தட்டில் அடுக்குவது வரை தன் சரக்கு முழுவதையும் ரேடியோ டேக் வைத்துப் பின்தொடரப் போகிறது. அந்த வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. எந்தத் தாய்க்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். நீ சுவரில் படங்கள் காட்டிப் பேசினாய். மூன்றாவது படம் நம் கடையின் பட்டுப் பிரிவு. நான்காவது, கேலிச் சித்திரமாக வரைந்த ஒரு தகரப் பெட்டி. நீ ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இது எங்கள் சொந்தக் கடை. முப்பது வருஷம் நம்பிய ஓர் அம்மாள். வாசலில் நாங்கள் வைத்த கருவியை ஏமாற்ற, சேலைகளைத் தகரப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். ஆனால் எங்கள் ஸ்டாக் கணக்கெடுப்பை அவரால் ஏமாற்ற முடியவில்லை." கூடம் முழுவதும் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த இளம்பெண், "ஆன்ட்டி, நெஜமாவே நடந்ததா?" என்று என் கையைத் தொட்டுக் கேட்டாள். "தண்ணி கிடைக்குமா?" என்று நான் அவளைக் கேட்டேன்.

முப்பது வருஷம் இல்லை. இருபத்தாறு. முப்பது என்றால் மேடையில் நன்றாக ஒலிக்கிறது என்று கூட்டிக்கொண்டாய் போலிருக்கிறது. அந்த அம்மாளின் பெயர் தங்கம். குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்து, புருஷன் விட்டுப்போன பிறகு, உன் அப்பாவிடம் வேலை கேட்டு நின்றவள். சேலை மடிப்பதில் ஆரம்பித்துப் பட்டுப் பிரிவின் பொறுப்பு வரைக்கும் வந்தாள். கல்யாணப் பட்டு வைத்திருக்கும் இரும்பு பீரோக்களின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். நீ இன்ஜினியரிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது, சலவைக்குப் போட்டால் துணி மாறிவிடும் என்று உன் சட்டைகள் அத்தனையிலும் சிவப்பு நூலில் உன் இனிஷியலைத் தைத்துக் கொடுத்தவள் அவள். உன் அப்பா இறந்து பதினாறு நாள் நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கடையைத் திறந்து நடத்தியவளும் அவள். நீ அவளைத் தங்கக்கா என்று கூப்பிடுவாய்.

பதினேழாம் நாள் நான் கடைக்குப் போனேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், வரிசையும் ஒழுங்கும் என் ரத்தத்தில் இருந்தன. சேலையின் ஓரம் மடிப்புக்கு வெளியே ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தால்கூட எனக்குப் பொறுக்காது. வேலை செய்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். உன் அப்பா வைத்திருந்த பழக்கங்களில் ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. தெரிந்த வீட்டில் கல்யாணம் என்றால், வீட்டில் இருக்கும் வயசானவர்கள் கடைப்படி ஏற முடியாது என்று பத்துப் பன்னிரண்டு சேலைகளை நாமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். அவர்கள் நாலு நாள் வைத்துப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்புவார்கள். அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதி, அப்பாவின் மேஜைக்கு மேலே இருக்கும் ஆணியில் குத்திவைக்க வேண்டும். சேலை திரும்பி வந்ததும் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நீ கழக்கூட்டத்தில் சேர்ந்து மூன்றாம் வருஷம் இந்த டேக் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். தபால்தலை அளவு காகிதம், உள்ளே செம்புக் கம்பி போல ஒரு சுருள், நடுவில் கடுகளவு சில்லு. பார்கோடு என்றால் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே காட்ட வேண்டும், இதற்கு அது வேண்டாம், அலமாரி முன்னால் கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சேலையும் தன் எண்ணைத் தானே சொல்லிவிடும் என்றாய். "பெரிய கம்பெனி யாரும் மொதல்ல நம்ப மாட்டாங்கம்மா. நம்ம கடையில ஓடுதுன்னு காட்டினா வருவாங்க" என்றாய். "சேலைக்கு ரேடியோ எதுக்கு? பாட்டுப் பாடவா?" என்று நான் கேட்டேன். தங்கம் அந்த டேக்கை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி ஒவ்வொரு சேலைக்கும் ஜாதகம் எழுதித் தொங்கவிடுதாவம்மா. இனி பொருத்தம் பாத்துத்தான் விக்கணும்" என்றாள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது.

உன் கருவியைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. முன்பெல்லாம் சரக்கு எண்ணுவதற்கு இரண்டு நாள் கடையை அடைப்போம். எல்லாருக்கும் தூசியில் தும்மல் வரும், எண்ணி முடித்தாலும் இரண்டு பேர் எண்ணிக்கை ஒத்துப்போகாது. உன் கருவி வந்த பிறகு அது காலைக் காப்பிக்கும் பூஜைக்கும் இடையில் முடிந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் நாகர்கோவில் கடைக்குப் போக வேண்டிய ஒரு கட்டு கொல்லத்து லாரியில் ஏறிவிட்டது. வண்டி தெருவைத் தாண்டுமுன் கண்டுபிடித்தோம். ஒரு இடத்தில்தான் கருவி தோற்றது. ஜரிகை நிறைந்த சேலைகளின் மடிப்புக்குள் டேக்கை வைத்தால் அதற்குக் காது கேட்கவில்லை. உலோகம் அலையைத் தடுக்கிறது என்று நீயும் உன் நண்பர்களும் ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டீர்கள். தங்கம் வந்து, டேக்கை ஒரு சாண் நூலில் கோத்து மடிப்புக்கு வெளியே தொங்கவிட்டாள். "உள்ள வச்சா மூச்சு முட்டுது, வெளிய விட்டா மிண்டுது" என்றாள். அன்று முதல் ஜரிகைச் சேலைகளும் வாய் திறந்தன. விழாவில் அந்த நூலைப் பற்றியும் ஒரு படம் காட்டினாய். அதை உன் குழு கண்டுபிடித்தது என்றாய்.

வாசலில் நீ இரண்டு கம்பங்கள் நட்டாய். பில் போடாத சேலை அவற்றுக்கு நடுவே போனால் கூவும். வீடுகளுக்குக் காட்டக் கொண்டுபோவதாக இருந்தாலும் வாசல் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும், ஆணிச் சீட்டு இனி போதாது என்றாய். வேலைக்காரர்களைக் கூட்டி வைத்து அந்தச் சட்டத்தை அறிவித்தது நான்தான். "இது எனக்கும் சேர்த்துத்தான்" என்று கடைசியில் சொன்னேன். அப்படிச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அடுத்த மாதம் விதுராவில் எஸ்டேட் வைத்திருக்கும் நம் ஊர்க் குடும்பத்திலிருந்து போன் வந்தது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், பாட்டிக்கு நடக்க முடியவில்லை, நல்லதாகப் பத்துச் சேலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். இளைய பெண் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் உனக்காக மனசில் வைத்திருந்தேன். எனக்குப் பெண் பார்க்காதே என்று நீ அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் சத்தம் போட்டிருந்தாய். ஆகவே விதுரா என்ற பெயர் உன் கம்ப்யூட்டரில் ஏறுவதை நான் விரும்பவில்லை. சீட்டாக ஆணியில் தொங்குவதையும் விரும்பவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேலை நனையக் கூடாது என்று பழைய தகரப் பெட்டியில் பதினொரு பட்டுகளை நானே அடுக்கினேன்.

"அம்மா, கேட்டுல பதியண்டாமா?" என்று தங்கம் கேட்டாள்.

"வேண்டாம். நீ கொண்டு போ."

"சீட்டாவது எழுதட்டா?"

"அவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். மழை விடுறதுக்குள்ள பஸ் ஏறு."

அவள் பெட்டியோடு இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போனாள். ஒரு சத்தமும் இல்லை. படியில் நின்று திரும்பி, "மிஷின் ஒண்ணும் மிண்டல்லியே அம்மா!" என்றாள். "மகன் வச்ச காவலாளிக்குச் செவிடு போல. நல்லதாப் போச்சு, போ" என்றேன். தகரம் அலையைத் தடுக்கும் என்பது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன். உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நாலு நாளில் சேலைகள் திரும்பிவிடும், சொல்லவே தேவையிருக்காது என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து அந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நீ வந்தாய். பல ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் சரி என்றால் உன் கம்பெனிக்கு வாழ்வு என்று காலையில் வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னாய், கைகள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. கருவியை எடுத்துக்கொண்டு பட்டுப் பிரிவில் நடந்தாய். திரையில் பதினொன்று குறைந்தது. மறுபடி நடந்தாய். மறுபடியும் பதினொன்று. பில்லும் இல்லை, வாசல் பதிவும் இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். "தங்கக்கா, பீரோவைத் திறங்க" என்றாய். திறந்தாள். பதினொரு இடமும் காலியாக இருந்தது. அப்போது சூப்பர்வைசர் விஜயன், யாரும் கேட்காமலே, "சாரே, செவ்வாய்க்கிழமை இவங்க ஒரு தகரப்பெட்டி எடுத்திட்டு போறது ஞான் கண்டு" என்றான். வந்தவர்களில் டை கட்டியிருந்தவர் ஆங்கிலத்தில், "உலோகப் பெட்டி! அலை வெளியே வராது. புத்திசாலிதான்" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் உன் முகம் மாறிற்று. தோற்றுப்போன காட்சி வெற்றியாகிவிட்டது என்பது உனக்குப் புரிந்துவிட்டது. வாசல் கோட்டைவிட்டதைக் கணக்கெடுப்பு பிடித்துவிட்டது என்று அவர்களுக்கு விளக்கத் தொடங்கினாய். அவளைக் காட்டி, "திஸ் லேடி" என்றாய். இருபத்தாறு வருஷத்துத் தங்கக்கா ஒரு வாக்கியத்துக்குள் திஸ் லேடி ஆனாள்.

தங்கம் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பயத்தோடு இல்லை. வண்டி வரும் என்று தெரிந்து நிறுத்தத்தில் நிற்பவள் போல, பொறுமையாகப் பார்த்தாள். நான் வாய் திறந்தால் போதும். ஆனால் என்ன சொல்வேன்? என் வாயாலேயே அறிவித்த சட்டத்தை நானே மீறினேன் என்று, விஜயன் முன்னால், டை கட்டிய ஆள் முன்னால் சொல்ல வேண்டும். உன் முதுகுக்குப் பின்னால் விதுராவுக்குச் சேலை அனுப்பினேன் என்று உன் முன்னால் சொல்ல வேண்டும். உன் வியாபாரம் என் வார்த்தையில் உடைந்துவிடும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மூன்றாவது காரணம்தான், முதல் காரணம் இல்லை. நான் தங்கத்தைப் பார்த்து, "சீட்டு எங்க, தங்கம்?" என்றேன்.

கான்வென்டில் பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தார்கள். நான் அன்று ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல் ஒருத்தியை எப்படி முடித்துவிடலாம் என்பதை நானாகவே கண்டுபிடித்தேன்.

"சீட்டு இல்லம்மா. எழுதல்ல" என்றாள் அவள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசல் கம்பங்களுக்கு நடுவே போகும்போது விஜயன் அவள் கூடையைத் திறந்து காட்டச் சொன்னான். திறந்து காட்டிவிட்டுப் போனாள். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன்.

விதுராக்காரர்கள் இரண்டு சேலைகளை எடுத்துக்கொண்டு ஒன்பதைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டுக்கும் பில் போட்டு, ஒன்பதையும் பீரோவில் அடுக்கினேன். அந்த இளைய பெண்ணின் சம்பந்தம் பேச்சளவில் நின்றுபோயிற்று, அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலை தோசை போட்டுக்கொண்டே உன்னிடம் சொன்னேன்: "தங்கத்தை அனுப்பினது நான். தப்பு என்னோடது." தோசையைப் பிய்த்த உன் கை நிற்கவில்லை.

"எனக்குத் தோணிச்சும்மா. சேலை திரும்பி வந்தப்பவே பாத்தேன். பீரோவைத் தொறந்து அடுக்கினது நீ. அனுப்பினதும் நீதான்னு தெரிஞ்சுது."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லுவே. சொன்னா நான் என்ன செய்ய? அவங்க அன்னைக்கே ஓக்கே சொல்லிட்டாங்க. இப்பப் போயி, திருட்டெல்லாம் இல்லை, எங்கம்மாதான் ரூலை மீறினாங்கன்னு சொல்லவா?"

"பெங்களூர்க்காரங்கட்ட சொல்ல வேண்டாம். அவளை மட்டும் திரும்பக் கூப்பிடலாம்லா."

"கூப்பிட்டா ஸ்டாஃப் ஏன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டும்மா. அதோட, சீட்டு இல்லாம கொண்டுபோனது தப்புதானே? நீயே கேட்டியே."

உன் தட்டில் அடுத்த தோசையை வைத்தேன். அதுதான் என்னுடைய இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. முதலாவது ஒரு நிமிஷத்தில் நடந்தது. இரண்டாவதை மூன்று வருஷம் நடத்தினேன். உன்னைக் குறை சொல்லும்போதெல்லாம் அந்தத் தோசை எனக்கு நினைவுக்கு வருகிறது. நீ யாரிடமிருந்து படித்தாய் என்று தெரிகிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் மறைத்தேன், நீ அதைப் படம் வரைந்து காட்டினாய். என் மௌனத்தால் ஒரு வேலைக்காரியை நான் இழந்தேன். நீ அவளைக் கொண்டு வியாபாரம் பிடித்தாய், ஊர் ஊராகப் போய்.

தங்கம் கிழக்கேகோட்டையில் மூன்று கடைகளில் வேலை கேட்டிருக்கிறாள். தகரப்பெட்டிக் கதை அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு கடையில், "இங்க பீரோ இல்லையே" என்று சொல்லி அனுப்பினார்களாம். சொன்னவரும் வெள்ளிக்கிழமை இதைப் படிப்பார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே விழா முடிந்த பிறகு, நானாக விசாரித்த போதுதான். மூன்று வருஷம் விசாரிக்காமல் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் கழக்கூட்டத்தில், உன் அலுவலகத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், வேலை பார்க்கும் பெண்களுக்கான ஒரு விடுதியில் சமைக்கிறாள். ஒரு புதன்கிழமை ஆட்டோவில் போனேன். பின்பக்கச் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"இருங்க. தம்பி வெளிநாட்டுக்குப் போறாருல்லா."

"உனக்கு யாரு சொன்னா?"

"இங்க உள்ள பிள்ளைகதான். அதுல ரெண்டு பேரு உங்க மகனுக்க ஆபீஸுல வேலை. தகரப்பெட்டி படம் காட்டினாராம். சோறு திங்கும்போ சொல்லிச் சொல்லிச் சிரிச்சிதுக. நான் சாம்பார் ஊத்திக்கிட்டு நிக்கேன். அது நான்னு அதுகளுக்குத் தெரியாது. பாவம், சின்னதுக."

"அன்னைக்கே நீ சொல்லியிருக்கலாமே, நான்தான் அனுப்பினேன்னு" என்றேன்.

கத்தி நின்றது. "நீங்க பக்கத்துல நிக்கியளே அம்மா! நீங்க சொல்லுவியன்னுல்லா நின்னேன். நீங்க சீட்டக் கேட்டிய. பின்ன நான் வாயத் தொறந்தா, முதலாளியம்மா பொய்யின்னு நான் சொன்ன மாதிரில்லா ஆவும்? அவுக யார நம்புவாவ? பட்டு உடுத்தவளயா, பெட்டி தூக்கினவளயா?"

கடைக்குத் திரும்பி வா என்றேன். வேண்டாம் என்றாள். இங்கே தன்னை இன்னாரென்று தெரிந்து கேலி பேச ஆள் இல்லை, சாப்பாடு நன்றாக இருந்தால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அது போதும் என்றாள். மன்னித்துக்கொள் என்றேன். என் வயதில் அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்ன நினைவில்லை, உன் அப்பாவிடம்கூட. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. "அடுக்களையில வச்சு சொல்லுதிய. அன்னைக்குக் கடைக்குள்ள, அத்தன பேருக்க முன்னாலல்லா நடந்தது" என்றாள். பிறகு, அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே, "காப்பி குடிக்கியளா?" என்றாள். குடித்தேன். அவள் போடும் காப்பியில் எப்போதும் சீனி கூடுதல். அன்றும் கூடுதல்தான். நான் குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் மறுபடியும் போய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ஏனென்றால் இது அவளைக் கேட்காமல் அச்சேறக் கூடாது. முடிந்ததும், "தங்கம்னு மட்டும் போட்டா எந்தத் தங்கம்னு ஆளுக நினைப்பா? பழவங்காடியில மட்டும் நாலு தங்கம் உண்டு. முழுப்பேரு போடுங்க" என்றாள். இருபத்தாறு வருஷம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த எனக்கு அவளுடைய முழுப்பெயர் அன்றுதான் தெரிந்தது.

இனி உனக்கு என் புத்தி. போகிற இடத்தில் உன் கருவி இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். துறைமுகம், லாரி, கிடங்கு, கடை என்று ஒவ்வொரு வாசலிலும் கம்பம் நட்டிருப்பார்கள். உன் மேலதிகாரிகளுக்கு அவசரம் இருக்கும். சரக்கு தருகிறவர்களிடம், டேக் ஒட்டாவிட்டால் வாங்க மாட்டோம் என்பார்கள், ஒட்டுகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒட்டுவார்கள். அதெல்லாம் உனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாதது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்று நம் கடையில் அந்தக் கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை. பதினொரு சேலை இங்கே இல்லை என்றது, உண்மை. அவை எங்கே போயின என்று அதற்குத் தெரியாது, தெரியும் என்று அது சொல்லவும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது விஜயன், டை கட்டியவர், நீ, நான். ஒரு திரையில் ஏதாவது குறையும்போது உன் முன்னால் யாராவது நிற்பார்கள். மிகவும் கீழே வேலை செய்கிறவராக இருப்பார், ஏனென்றால் சரக்கைக் கையால் தொடுகிறவர் அவர்தான். அவர் யாரைப் பார்க்கிறார் என்று பார். அவர் பார்க்கும் ஆளிடம் முதலில் கேள். தங்கம் என்னைப் பார்த்ததை நீயும் பார்த்தாய். நீ என்னிடம் கேட்கவில்லை. அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்பதாலா, சொல்லிவிடுவாள் என்பதாலா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

கடைத்தெருவுக்கு நான் சொல்ல வேண்டியது இது. குழித்துறை பொன்னையன் மகள் தங்கபுஷ்பம் நம் கடையிலிருந்து ஒரு நூலைக்கூடத் திருடியதில்லை. அந்தப் பதினொரு பட்டுச்சேலைகளைத் தகரப் பெட்டியில் அடுக்கியது நான். பதிய வேண்டாம் என்றது நான். மகனிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, பிறகு பலர் முன்னால் அவளிடம் சீட்டு கேட்டதும் நான். இதை யாரும் என்னிடம் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த நான்காவது படத்தை எடுத்துவிடு. எடுத்தேன் என்று போனில் சொல்லாதே, விழாவுக்கு வந்திருந்தவர்களுக்கு எழுது, சேலைகளை அனுப்பியது யார் என்று அதில் என் பெயரையே போடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த விடுதி வாசலில் நிற்பேன். தங்கத்திடம் சொல்லியாயிற்று. அன்று பிள்ளைகள் எல்லாரும் விடுதியில்தான் இருப்பார்கள், சமையலறையில் வேண்டாம், அவர்கள் சாப்பிடும் கூடத்தில் வைத்துப் பேசட்டும் என்பது மட்டும்தான் அவள் கேட்டது. நான் பேசுவேன். நீ வந்தால் நீயும் பேச வேண்டும், ஆங்கிலத்தில் இல்லாமல், அவளுக்குப் புரிகிற மாதிரி. பதினொரு மணி வரை உனக்காக வெளியே நிற்பேன், அதற்கு மேல் நிற்க என் முழங்கால் விடாது, உள்ளே போய்விடுவேன். நீ வந்தால் திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, நீ மறைகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன். வராவிட்டால் உனக்கான வண்டியை நீயே சொல்லிக்கொள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ, நான் எழுந்து வரமாட்டேன்.